க்ருங்பின்: பேஸ் கிதாரை முன்னால் கொண்டுவந்த மூன்று பேர்

என் தாய்மாமா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிதார், அதாவது கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கிதார், வாசித்தவர். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் திருச்சியைச் சுற்றி எந்த ஊரில் இருக்கிறார் என்று அத்தைக்கே தெரியாது. சின்ன வயதில் நானும் சில தடவை அவரோடு வேனில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். மேடைக்குக் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்த்தால் பாடகர் தெரிவார், பாடகி தெரிவார், கீபோர்டு வாசிக்கிறவர் தெரிவார். மாமா பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், அரை இருட்டில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பார்.

அவர் வாசித்தது ஊரில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. தெரு முழுக்கக் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி சத்தம் வராது. பேச்சும் நாதஸ்வரமும் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். பேஸ் அந்தக் குழாய்க்குள்ளேயே செத்துவிடும். மேடையோரம் அடுக்கியிருக்கும் பெரிய பெட்டிகளுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு வரும். அதுதான் மாமா. “நான் நிறுத்திட்டா டிரம்ஸ்காரன் மட்டும் திரும்பிப் பார்ப்பான் மாப்ள. வேற யாருக்கும் தெரியாது” என்று ஒரு தடவை சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. வேலை அப்படி என்கிற மாதிரி சொன்னார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஊருக்கு ராத்திரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நண்பன் ஒருவன் ஒரு ஆல்பத்தை அனுப்பி, “ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டுக் கேளு, போன்ல சும்மா வச்சுக் கேட்காதே” என்று எழுதியிருந்தான். கிருஷ்ணகிரி தாண்டியதும் விளக்கை அணைத்துவிட்டார்கள். கேட்க ஆரம்பித்தேன். டிரம்ஸ் ஒரே சீராகப் போகிறது. கிதார் எங்கோ தூரத்திலிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில், காதுக்கு மிகப் பக்கத்தில், பேஸ் பாடிக்கொண்டிருக்கிறது. பாட்டின் மெட்டே அதுதான். சேலம் வரும்வரை எனக்கு மாமா ஞாபகமாகவே இருந்தது.

அந்தக் குழுவின் பெயர் க்ருங்பின். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்துக்காரர்கள். மூன்றே பேர்: பேஸ் வாசிக்கும் லாரா லீ, கிதார் வாசிக்கும் மார்க் ஸ்பியர், டிரம்ஸ் வாசிக்கும் டொனால்ட் ஜான்சன். ஜான்சனை எல்லோரும் டீஜே என்றுதான் கூப்பிடுகிறார்கள். குழுவின் பெயர் தாய்லாந்து மொழி. ‘க்ருவாங்’ என்றால் இயந்திரம், ‘பின்’ என்றால் பறப்பது, சேர்த்தால் விமானம். முதல் நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் தேவைப்பட்ட சமயத்தில் லாரா லீ தாய் மொழி படித்துக்கொண்டிருந்தார், அவருக்குப் பிடித்த சொல்லாக அது இருந்தது, வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாத பெயர். நமக்கு அந்தச் சிரமம் அவ்வளவாக இல்லை.

இவர்கள் இசையை என்ன வகை என்று சொல்வது? தாய்லாந்தின் பழைய ஃபங்க் என்பார்கள், சோல் என்பார்கள், ஜமைக்காவின் டப் என்பார்கள், ஈரானியப் பாப் சாயல் என்பார்கள், சைக்கடெலிக் ராக் என்பார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் கேட்கும்போது இது இங்கிருந்து, அது அங்கிருந்து என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. நன்றாகக் கொதித்து இறங்கிய ரசத்தில் மிளகு எது, சீரகம் எது என்று யாரும் தேடுவதில்லை அல்லவா, அப்படி.

இவர்கள் சேர்ந்த விதத்திலேயே இந்த இசையின் பாதி விளக்கம் இருக்கிறது. மார்க் ஸ்பியரும் டீஜேவும் 2004-ல் ஹூஸ்டன் நகர மையத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் யுனைடெட் மெதடிஸ்ட் தேவாலயத்தின் காஸ்பல் இசைக்குழுவில் சந்தித்தார்கள். ஸ்பியர் கிதார், டீஜே ஆர்கன். ஆமாம், இன்று டிரம்ஸுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர் அங்கே ஆர்கன் வாசித்தவர். தேவாலயத்தில் வாசிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். பாடுகிறவருக்கு வழிவிட வேண்டும், போதகர் பேச ஆரம்பித்தால் அடியில் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எந்த நேரத்திலும் நிறுத்தவோ தொடரவோ தயாராக இருக்க வேண்டும். நம் ஊரில் பஜனைக்கோ உபன்யாசத்துக்கோ பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

லாரா லீயை ஸ்பியர் 2007-ல் சந்தித்தார். அவர்களை இணைத்தது ஆப்கானிஸ்தான் இசை. அப்போது லாரா லீ பேஸ் வாசிப்பவர் இல்லை. ஸ்பியர் சொல்லிக்கொடுக்க, வயது வந்த பிறகுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். சில மாதங்களிலேயே யிப்பா என்ற கலைஞரின் சுற்றுப்பயணக் குழுவுக்குத் தேர்வுக்குப் போய், இடமும் பிடித்துவிட்டார். ஸ்பியரும் அதே பயணத்தில் வாசித்தார். 2010-ல் நடந்த அந்தப் பயணம் பொனோபோ என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞரின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கும் தொடக்க நிகழ்ச்சியாக அமைந்தது. இந்தப் பொனோபோ பிறகு மறுபடியும் வருவார்.

லாரா லீ வாசிப்பதில் வித்தை காட்டும் வேகம் எதுவும் கிடையாது. நாலைந்து ஸ்வரம், நடுவில் ஒரு மௌனம், திரும்ப அதே நாலைந்து ஸ்வரம், கடைசியில் ஒரு சின்ன வளைவு. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் எப்போது தொடங்குகிறது என்பதைப் போலவே எப்போது முடிகிறது என்பதும் கணக்காக இருக்கும். விரலை எடுக்கும் அந்த இடத்தில்தான் டிரம்ஸின் அடுத்த அடி வந்து விழும். டப் இசையின் பாதிப்பு இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. 1970-களில் ஜமைக்காவின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிங் டபி போன்றவர்கள் ஏற்கெனவே பதிவான ரெகே பாட்டிலிருந்து குரலையும் கிதாரையும் உருவி எடுத்துவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் வைத்து, அங்கங்கே எதிரொலியைத் தூவி வேறொரு பாட்டாக்கினார்கள். வீட்டின் சுவர்களை எடுத்துவிட்டு தூண்களை மட்டும் விட்டுவைத்தது போல. க்ருங்பின் ஆரம்பத்திலேயே தூண்களை வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை, அவர்கள் பாட்டு உருவாகும் முறையே அதுதான். முதலில் டீஜேவின் ஒரு டிரம்ஸ் துண்டு. அதை வைத்துக்கொண்டு லாரா லீ பேஸ் வரியைக் கண்டுபிடிப்பார். அதற்கு மேல்தான் ஸ்பியரின் கிதார். குரல் என்று ஒன்று வந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசியில். நம் மெல்லிசைக் குழுவில் ஒரு பாட்டைத் தயார் செய்யும் வரிசைக்கு இது நேர் தலைகீழ். அங்கே குரலும் மெட்டும் முதலில், மாமாவிடம் கடைசியாக வந்து “அண்ணே, நீங்க பாத்துப் போட்டுக்குங்க” என்பார்கள்.

ஒத்திகைக்கும் பதிவுக்கும் அவர்கள் போன இடம் டெக்சஸில் பர்ட்டன் என்ற சிற்றூர். அங்கே ஸ்பியர் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பண்ணைக் கொட்டகை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம், மாடுகள். 2015-ல் வந்த முதல் ஆல்பமான ‘த யுனிவர்ஸ் ஸ்மைல்ஸ் அப்பான் யூ’ அந்தக் கொட்டகையில் பதிவானது. கண்ணாடி போட்டு அடைத்த ஸ்டுடியோவில் கிடைக்கிற துல்லியம் அதில் இல்லை. மூன்று பேர் ஒரு அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள், நாம் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம் என்கிற நெருக்கம் இருக்கிறது. எனக்கு இப்போதும் மிகப் பிடித்த ஆல்பம் அதுதான்.

டீஜேவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கச்சேரியில் பாடகர் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் இறங்கிவிட்டால் நல்ல மிருதங்கக்காரர் சர்வலகுவில், அதாவது தாளத்தை ஒரே சீராக ஓட்டிக்கொண்டு, போய்க்கொண்டே இருப்பார். சொற்கட்டைக் கொட்டி முழக்க மாட்டார். அந்த ஓட்டம்தான் பாடகரைத் தூக்கிக்கொண்டு போகும். டீஜே வாசிப்பது முழுக்க அந்தச் சர்வலகுதான். மேடையில் அவர் முகத்தில் சலனமே இருக்காது, தோள்கூட அசையாது. ஆரம்பித்த காலப்பிரமாணம் பாட்டு முடியும்போது மயிரிழை நகர்ந்திருக்காது. டிரம்ஸ்காரர் என்றால் நடுவில் ஒரு இடத்தில் உருட்டி எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். பத்து நிமிஷம் பொறுங்கள். அப்புறம் அந்த நிதானம் பிடித்துவிடும்.

ஸ்பியரின் கிதாருக்கு வேறு குணம். அவர் ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு அப்படியே நிற்க மாட்டார். தந்தியை இழுத்து, வளைத்து, அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பாடகர் இல்லாத இடத்தில் பாடகராக நிற்பது அவர்தான். ஆனாலும் ஓயாமல் பேசுகிற பாடகர் இல்லை. ஒரு வரி சொல்லிவிட்டு, பேஸ் பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பார்.

தாய்லாந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1960-களில் வியட்நாம் போருக்காக அமெரிக்கா தாய்லாந்தில் விமானத் தளங்களை நடத்தியது. உடோன் தானி, கோராட் போன்ற ஊர்களில் இருந்த தளங்களுக்கு வந்த சிப்பாய்களோடு ராக்கும் சோலும் வந்து இறங்கின. பிரிட்டனின் த ஷேடோஸ் குழுவின் கிதார் இசையும் அங்கே பெரிய மோகமாக இருந்தது. அந்தப் பாணியில் வாசித்த உள்ளூர் குழுக்களை ‘வோங் ஷேடோ’ என்றே அழைத்தார்கள். உள்ளூரில் ஏற்கெனவே லூக் துங் என்ற கிராமத்துப் பாட்டு இருந்தது, வடகிழக்கில் உள்ள இசான் பகுதியின் மோலாம் என்ற நாட்டுப்பாட்டு இருந்தது, பின் என்ற தந்தி வாத்தியம் (குழுவின் பெயரில் வரும் ‘பின்’ வேறு) இருந்தது. எல்லாம் கலந்து ஒரு புது ஓசை பிறந்தது. பல வருஷம் கழித்து, பழைய தாய் கேசட்டுகளைத் தேடி எடுத்து இணையத்தில் ஏற்றிவந்த ஒரு வலைப்பதிவு வழியாக அது ஹூஸ்டனில் இருந்த இவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறிப் போன ஓசை, அங்கே வேறு உடுப்பு போட்டுக்கொண்டு, கேசட் வழியாகத் திரும்ப வீடு வந்த கதை இது. நம் சினிமாப் பாடல்களிலும் இதே மாதிரி ராக்கும் ஃபங்க்கும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் க்ருங்பினிடம் அந்நியமாக உணரவே மாட்டார்கள்.

சரி, இவர்கள் வெளியே தெரிந்தது எப்படி? மறுபடி பொனோபோ. ‘லேட் நைட் டேல்ஸ்’ என்று ஒரு தொகுப்பு வரிசை உண்டு. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு கலைஞர் தனக்குப் பிடித்த பாடல்களைக் கோத்துத் தருவார். 2013-ல் பொனோபோ கோத்த தொகுப்பில் க்ருங்பினின் ‘எ காஃப் பார்ன் இன் விண்டர்’ இடம்பெற்றது. யாரென்றே தெரியாத குழுவின் பாட்டு உலகமெங்கும் போய்விட்டது. 2020-ல் அதே வரிசையில் ஒரு தொகுப்பைக் கோத்துத் தரும் வாய்ப்பு க்ருங்பினுக்கே வந்தது. அதில் எத்தியோப்பியா உண்டு, கொரியா உண்டு, நைஜீரியா உண்டு. பாகிஸ்தானின் நாஸியா ஹசன் பாடிய ஒரு பாட்டும் உண்டு. அதைப் பார்த்தபோது, இவர்கள் எவ்வளவு தூரம் காது நீட்டிக் கேட்கிறவர்கள் என்று புரிந்தது.

நான் பஸ்ஸில் கேட்டது 2018 ஜனவரியில் வந்த இரண்டாவது ஆல்பம், ‘கோன் தோதோ எல் முந்தோ’. ஸ்பானிய மொழியில் ‘உலகம் முழுவதோடும்’ என்று பொருள். லாரா லீயின் தாத்தா மெக்சிகோ வழி வந்தவர். என்னை எவ்வளவு பிடிக்கும் என்று பேத்தியிடம் கேட்பாராம். அவர் ஏற்றுக்கொள்ளும் ஒரே பதில் இந்தத் தொடர்தானாம். நம் வீட்டுக் குழந்தைகள் இரண்டு கையையும் விரித்து “இவ்ளோ” என்று காட்டுவார்களே, அதேதான். அந்த ஆல்பத்தில் ‘மரியா தம்பியென்’ என்ற பாட்டு வேகமாகத் துள்ளிக்கொண்டு போகும். அதன் காணொளியில் 1979 புரட்சிக்கு முந்தைய ஈரானின் பெண் கலைஞர்கள் ஆடிப் பாடும் பழைய காட்சிகளைக் கோத்திருக்கிறார்கள். புரட்சிக்குப் பிறகு அந்தப் பெண்களுக்கு மேடை இல்லாமல் போனது. இதைத் தெரிந்துகொண்டு இரண்டாவது தடவை பார்த்தபோது, சந்தோஷமான அந்தத் தாளத்தோடு என்னால் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வேகமாக வளர்ந்துவிட்டார்கள். 2019-ல் அதே ஆல்பத்தை முழுக்க டப் வடிவில் ‘அஸ்தா எல் சியேலோ’ என்று வெளியிட்டார்கள். 2020-ல் டெக்சஸின் சோல் பாடகர் லியான் பிரிட்ஜஸோடு ஒரு சிறு தொகுப்பு, அதே வருஷம் ‘மோர்தெகாய்’. இதில்தான் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் பாடினார்கள். ஒரு பாட்டில் ‘வாழ்க்கை இப்படித்தான்’ என்ற தொடரையே பல மொழிகளில் பாடுகிறார்கள். 2024-ல் ‘அ லா சாலா’, பழையபடி அடக்கமாக. பிரிட்ஜஸோடு செய்தது அழகானதுதான், ஆனால் அவ்வளவு நல்ல குரல் நடுவில் வந்து நின்றதும் பேஸ் இரண்டடி பின்னால் போய்விடுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு.

2022-ல் வந்த ‘அலி’ மட்டும் அப்படியில்லை. மாலி நாட்டின் மாபெரும் கிதார் கலைஞர் அலி ஃபர்கா தூரே 2006-ல் மறைந்தார். அவர் மகன் வியூ ஃபர்கா தூரே தன் தகப்பனாரின் பாடல்களை க்ருங்பினோடு சேர்ந்து ஹூஸ்டனில் பதிவு செய்தார். ஒரு மகன் அப்பாவின் பாட்டைப் பாடுகிறான், மூன்று பேர் அவனுக்குப் பின்னால் நிற்கிறார்கள். தேவாலயத்தில் படித்த அந்த வழிவிடும் பழக்கம் இங்கே முழுசாகத் தெரிகிறது. ஐந்து ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் மெட்டுகள். அவசரமே இல்லை.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. காபிக் கடையில் பின்னணியாகப் போட ஏற்ற இசை என்றும் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படி நினைத்த நாள் உண்டு, ஆபீஸில் வேலை செய்துகொண்டே ஓட விட்டதால். அதே ஆல்பத்தை வேறு எந்த வேலையும் செய்யாமல் ஒரு தடவை கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். இன்னொரு கேள்வி கனமானது: டெக்சஸ்காரர்கள் தாய்லாந்துக்காரர்களின் ஓசையை எடுத்து வாழ்கிறார்களே, நியாயமா? இது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். எனக்குச் சமாதானம் தருவது, எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர்கள் மறைக்காதது. பெயரிலேயே தாய்லாந்தை வைத்திருக்கிறார்கள், பேட்டிக்குப் பேட்டி சொல்கிறார்கள், தொகுப்புகள் போட்டு மூலக் கலைஞர்களிடம் நம்மை அனுப்புகிறார்கள். இவர்களைக் கேட்டுவிட்டுத்தான் நான் மோலாம் கேட்கப் போனேன்.

2025 கிராமி விருதுகளில் ‘சிறந்த புதுமுகக் கலைஞர்’ பிரிவில் இவர்கள் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. முதல் ஆல்பம் வந்து ஒன்பது வருஷம், குழு தொடங்கிப் பதினாலு வருஷம் ஆன பிறகு புதுமுகம்! விருது பாடகி சாப்பெல் ரோனுக்குப் போனது. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து எத்தனையோ பேர் இவர்களைத் தேடியிருப்பார்கள். ஆனால் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. மேடையில் லாரா லீயும் ஸ்பியரும் நெற்றியை மறைக்கும் கறுப்பு விக் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். கழற்றிவிட்டால் சாதாரண ஆட்கள், கடைக்குப் போகலாம், வரலாம்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: முதல் ஆல்பத்தில் ‘ஒயிட் குளவ்ஸ்’ஸிலிருந்து ஆரம்பியுங்கள். மெதுவான பாட்டு, குரல் மூச்சுவிடுவது போல வந்து போகும். பிறகு ‘மரியா தம்பியென்’. பிறகு ‘அலி’யை முழுக்க, ராத்திரியில். போனின் சின்ன ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்காதீர்கள். அது குழாய் ஸ்பீக்கரின் குட்டித் தம்பி, பேஸ் அதிலும் வராது. இயர்ஃபோனோ ஹெட்ஃபோனோ, எது இருக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்போது வாசிக்கப் போவதில்லை. குழு கலைந்து எட்டு வருஷம் ஆகிறது. ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி ‘ஒயிட் குளவ்ஸ்’ போட்டேன். முதலில் கண்ணை மூடினார். அரை நிமிஷத்தில் இடது கை தானாக எழுந்து தொடைக்கு மேல் வந்தது. நாலு விரலும் இல்லாத தந்திகளை அழுத்த ஆரம்பித்தன.

“யாரு மாப்ள வாசிக்கிறது?”

“ஒரு பொம்பளை மாமா. பெரியவங்களான பிறகுதான் கத்துக்கிட்டாங்களாம்.”

“விரலை எடுக்கிற இடம் பாத்தியா? எல்லாரும் வைக்கிறதைத்தான் பாப்பாங்க.”

அப்புறம் ‘அலி’யிலிருந்து ஒன்று போட்டேன். “சுத்த தன்யாசி ராகச் சாயல் அடிக்குதே, எந்த ஊரு?” என்றார். மாலி, ஆப்பிரிக்கா என்றேன். தலையாட்டினார். அத்தை காபி கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது. ஆல்பம் முடிந்த பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பரணைக் காட்டி, “அந்த ஸ்டூலை எடு. நீ ஏறு, எனக்கு முட்டி வலிக்குது. பச்சை ரெக்ஸின் உறை போட்டிருக்கும், பாத்து இறக்கு” என்றார்.